கிடாச்சண்டை எஞ்சின்

நாச்சிமுத்து செத்துப் பதின்மூன்றாம் நாள், பழைய இரும்பு வாங்குகிறவரின் லாரி எங்கள் ஷெட்டுக்குள் பின்னோக்கி வந்து நின்று, அவருடைய ஆட்கள் எஞ்சினின் இடுப்பில் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மாட்டி, ‘தூக்கு’ என்று கை காட்டிய நேரத்தில், டீசல் தொட்டி கழற்றப்பட்டு, நடுப் பல்சக்கரம் சிதறிப்போய், விலாப்பக்கம் ஒரு முழத்துக்குப் பிளந்து கிடந்த அந்த எஞ்சின் ஒரு தடவை இருமி, கரும்புகையைக் கக்கி, ஓடத் தொடங்கியது. சங்கிலி அறுந்து விழுந்தது. லாரிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அந்தத் தெருப் பக்கமே அப்புறம் வரவில்லை. வாட்ச்மேன் தன் நோட்டில் ‘10.40. செத்த எஞ்சின் ஓடுது. டீசல் இல்லை’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘10.45. தண்ணி லாரி உள்ளே’ என்று எழுதினார்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது எங்கள் கம்பெனி. மோட்டாரும் பம்பும் செய்கிற கம்பெனிதான். ஆனால் பின்பக்கத்துத் தகர ஷெட்டில் நாங்கள் பதினாலு பேர் இரண்டு வருஷமாக வேறொன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஊரிலுள்ள எஞ்சினுக்கெல்லாம் ஒரு சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன், அதற்கு மேலே ஒரு தலை. எங்கள் எஞ்சினுக்குத் தலையே கிடையாது. ஒரே நீளக் குழாய்க்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடிவந்து, முட்டிக்கொள்ள ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது நடுவில் டீசல் வெடித்து, இரண்டையும் வந்த வழியே திருப்பி எறியும். அதனால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் கிடாச்சண்டை. இரண்டு கிடாக்களும் தாளம் தப்பாமல் ஓடிவர, இந்தக் கோடியில் பிஸ்டன் சுழற்றுகிற தண்டையும் அந்தக் கோடியில் சுழல்கிற தண்டையும் ஐந்து பல்சக்கரங்கள் கோத்துப் பிடித்திருக்கும். அதில் ஒரு தண்டு மற்றதைவிடப் பன்னிரண்டு டிகிரி முந்தியிருக்க வேண்டும், பதினொன்று என்றால் புகை, பதின்மூன்று என்றால் நடுக்கம். எதையாவது ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றினோம். நாற்பது தடவை கழற்றி நாற்பது தடவை மாட்டினோம், வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால்கூட அது எத்தனை பல்லுள்ள சக்கரம் என்று எண்ணுகிற அளவுக்கு. முதல்முதலாக அது பதினோரு விநாடி ஓடி நின்ற அன்றைக்கு, ஐம்பது வயது ஆள் நாச்சிமுத்து, வெற்றிலை போட்ட வாயோடு, ஷெட்டைச் சுற்றிச் சின்னப்பிள்ளை மாதிரி ஓடினார்.

சோதனை பெஞ்சில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறவர் நாச்சிமுத்து. பாகங்களைக் கோத்து மாட்டுகிறவள் அம்சவேணி; முப்பத்தெட்டு வயது, ஐ.டி.ஐ. படிப்பு, எங்கள் ஷெட்டில் ஒரே பெண். வரைபடத்தில் இல்லாததை அவள் விரல் கண்டுபிடிக்கும், விரலும் கண்டுபிடிக்காததை அவர் காது கண்டுபிடிக்கும். இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, “அம்மிணி, வலக் கிடாய் மொறைக்குது பாரு” என்பார். கழற்றிப் பார்த்தால் வலப்பக்கத்து பிஸ்டனில் கோடு விழுந்திருக்கும்.

அந்த நடுப் பல்சக்கரத்தில் விரிசல் விழுந்ததைப் பார்த்தவளும் அம்சவேணிதான். மறுநாள் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் எஞ்சினைப் பார்க்க வருவதாக இருந்தது. ஜி.எம். வெங்கடபதி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து நின்றார்.

“சார், நடுச் சக்கரத்துல விரிசல் உட்டிருக்குது. ஓட்டக் கூடாதுங்க.”

“எவ்வளவு விரிசல்?”

“மயிரளவுதானுங்க. ஆனா...”

“மயிரளவுதானே. அரை மணி நேரம் முழு வேகத்துல ஓட்டிப் பாருங்க, போதும்.”

“அப்படின்னா மூடியாவது செஞ்சு போட்டரலாமுங்க சார். சக்கரம் அஞ்சும் தெறந்து கெடக்குது.”

“மூடி போட்டா வர்றவங்களுக்கு என்ன தெரியும்? அஞ்சு சக்கரமும் சுத்தறதை அவங்க கண்ணால பாக்கணும். அதுதாம்மா அழகு.”

அம்சவேணி ஷெட்டு நோட்டில் ‘விரிசல். ஓட்டக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு பெஞ்சில் நிற்கவேண்டிய முறை அவளுடையது. நாச்சிமுத்து அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, “நீ போய்த் தண்ணி குடிச்சுட்டு வா அம்மிணி, கிடாய் எனக்குக் கட்டுப்படும்” என்றார். ஒன்பதாவது நிமிஷம் நடுச் சக்கரம் மூன்று துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது, ஒன்று சுவரில் புதைந்தது. இன்னொன்றை நாச்சிமுத்துவின் நெஞ்சு வாங்கிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. ‘எட்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை அகற்றிவிட்டு இயக்கிய தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்று அதில் இருந்தது. வரைபடத்தில் மூடி இருந்தது, ஆகவே மூடி இருந்தது என்றார்கள். நோட்டில் அம்சவேணி எழுதிய பக்கம் கிழிபட்டிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஜி.எம். அறையில் உட்கார்ந்து இளநீர் குடித்து, காகிதத்தைப் படித்து, ஷெட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காமல் ஒப்பமிட்டுப் போனார். சாட்சியாக மீதிப் பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். யாரும் எங்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒருவர் பேனாவை நீட்டினார், போட்டோம், பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தோம். கடைசியாக அம்சவேணியும் போட்டாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு என் வலது கையை வெட்டிப் போடத் தோன்றுகிறது, ஆனால் அதே கையால்தான் அன்று ராத்திரியும் சோறு பிசைந்து சாப்பிட்டேன்.

இப்படியிருக்கத்தான் எஞ்சின் ஓடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தோம். காற்றுக் குழாயை அடைத்தோம், ஓடியது. டீசல் பீய்ச்சும் முனையைப் பிடுங்கினோம், ஓடியது. நடுச் சக்கரம் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இந்தப் பக்கம் இரண்டு சக்கரம் சுற்றின, அந்தப் பக்கம் இரண்டு சுற்றின, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பல்கூடத் தப்பாமல் பன்னிரண்டு டிகிரி பிசகாமல் கோத்துக்கொண்டு சுற்றின. நாங்கள் இரண்டு வருஷம் ராப்பகலாக வாங்கமுடியாத தாளம் அது. கண்ணில் நீர் வரப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்ததும் சாப்பிடப் போனோம்.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பின்தெருவில் குடியிருந்த பெண்கள் அந்தச் சத்தத்துக்குத் தொட்டில் ஆட்டினார்கள். எதிரே இருந்த டீக்கடைக்காரர் புகைபோக்கிக்கு அருகே பாலைச் சுடவைத்தார். கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் வந்து ஒயர்களை ஒட்டி, மூன்று நாள் எண்களைக் குறித்து, தங்கள் கருவிகள் பழுதாகிவிட்டதாக முடிவு செய்து திரும்பிப் போனார்கள். போர்வெல் வற்றிய விவசாயிகள் வந்து, இதே மாதிரி ஒன்று தங்கள் தோட்டத்துக்குக் கிடைக்குமா, அதற்கு யாராவது சாகவேண்டுமா என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள். கேட்டவர்களும் கூச்சப்படவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கூச்சப்படவில்லை. யாரோ ஒரு அம்மாள் எஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் ஐந்து பேர் வைத்தார்கள். ஆடி மாதத்துக்குள் அதன் உடம்பு முழுவதும் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் குழைந்து, ஒரு விரற்கடைக்குத் தோலாகப் படிந்திருந்தது.

கம்பெனி சும்மா இருக்குமா? அதில் ஒரு ஜெனரேட்டரைக் கோத்து, முன்பக்கக் கட்டடம் முழுவதற்கும் கரண்ட் எடுத்தது. வாசலில் ‘எரிபொருள் இல்லா எஞ்சின்: எங்கள் ஆராய்ச்சியின் சாதனை’ என்று பலகை வைத்தது. அதே வாசலின் மறுபக்கத்தில் இன்னொரு பலகை. அதில் நாச்சிமுத்துவின் போட்டோ. அவருடைய அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. கீழே சிவப்பு எழுத்தில் ‘பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர். இவருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம்.’ அந்தப் பலகையைப் பேட்டையிலுள்ள மற்ற கம்பெனிகளும் நகல் எடுத்து மாட்டின. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். முப்பது வருஷம் ஒரு நட்டைக்கூட இரண்டு தடவை சரிபார்க்காமல் விடாத மனுஷன், தமிழ்நாட்டுக்கே கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாகத் தொங்கினார். அவர் மனைவி திலகமணி ரேஷன் கடைக்குப் போனால், “மூடியைக் கழட்டுன ஆளோட சம்சாரமுங்க” என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அவளும் தினமும் அந்த வழியாகத்தான் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போய்வந்தாள். பலகை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள். நின்று, நேராகப் பார்த்து, பிறகு நடப்பாள். அவள் நிற்கிற அந்த நேரத்தில் நாங்கள் ஆளுக்கொரு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வோம்.

இதற்கிடையில் எஞ்சினைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வருவதாக முடிவானது. ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருப்பதை எப்படித் திறந்துவைப்பது? வெங்கடபதி அம்சவேணியைக் கூப்பிட்டு, “ஒரு பத்து நிமிஷம் மட்டும் நிறுத்திக் குடும்மா, அவர் சுவிட்ச் போட்டதும் ஓடட்டும்” என்றார்.

“அது நிக்காதுங்க சார்.”

“உனக்குத் தெரியாத எஞ்சினா?”

“எனக்குத் தெரிஞ்ச எஞ்சின் அன்னைக்கே ஒடஞ்சு போச்சுங்க.”

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எஞ்சினுக்கு முன்னால் பட்டுத் திரை தொங்கும். மந்திரி வரும்வரை மேளத்தை உரக்க வாசித்துச் சத்தத்தை மூடுவார்கள். அவர் ஒரு சிவப்பு சுவிட்சை அழுத்தினதும் திரை விலகும், மேளம் நிற்கும், எஞ்சின் அப்போதுதான் ஓடுகிற மாதிரிக் கேட்கும். திலகமணிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலியும், கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கான கடிதமும் தயார். எஞ்சினின் மேலுள்ள குங்குமத்தையெல்லாம் சுரண்டி, துடைத்து, பெயின்ட் அடிக்கும்படி அம்சவேணிக்கு உத்தரவு.

விழாவன்று காலை அவள் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் அவள் கைக்கடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. பல்சக்கரங்களைச் சுற்றியுள்ள இரும்பு விளிம்பில், குங்குமத் தோலை உரித்தபோது, அவள் விரல்நுனி ஒரு சின்னக் குழியில் இறங்கியது. கடுகு அளவுக் குழி. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. இன்னொன்று. எட்டு.

அவற்றை அடித்தவள் அவள்தான். மூடியை மாட்டுவதற்கு எங்கெங்கே ஓட்டை போடவேண்டும் என்று, ஒரு வருஷத்துக்கு முன்னால், சுத்தியலாலும் முனைக்கம்பியாலும் அவள் தட்டி வைத்த அடையாளப் புள்ளிகள். புள்ளி வைத்த அன்றைக்குத்தான் ‘மூடி வேண்டாம், அழகு போய்விடும்’ என்று மேலிருந்து சொன்னார்கள். புள்ளிகள் புள்ளிகளாகவே நின்றுவிட்டன. ஓட்டை இல்லை. மரை இல்லை. எட்டு போல்ட்டும் மாட்டுவதற்கு ஒரு இடமே அந்த இரும்பில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நோட்டைக் கிழித்தவர்கள், அறிக்கை எழுதியவர்கள், இதை மட்டும் உருக்கித் தொலைக்கத்தான் லாரியை அனுப்பியிருந்தார்கள். இது போக மறுத்து, ஏழு மாதமாகக் கத்திக்கொண்டே நின்றிருக்கிறது. அந்தக் கத்தலுக்கு நாங்கள் பொட்டு வைத்தோம், பால் காய்ச்சினோம், தொட்டில் ஆட்டினோம்.

அம்சவேணி எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கத்தவில்லை. “உங்க கையை நான் சொல்லல, என் கையைச் சொல்றேன். பீ தின்ன கை இது” என்றாள். பிறகு துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள்.

மந்திரி சுவிட்சைப் போட்டு, திரை விலகி, கைதட்டல் ஓய்கிற நேரம். ஆய்வுக்கு வந்த அதே அதிகாரி பொன்னாடையோடு மேடையில் இருந்தார். அம்சவேணி வேலை உடுப்போடு மேடையேறி, மைக்கைப் பிடிக்காமல், அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எட்டு போல்ட்டைக் கழட்டிப் போட்டுத்தான் நாச்சிமுத்தண்ணன் எஞ்சினை ஓட்டுனாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. நானும்தான் போட்டேன். இப்ப எந்திரிச்சு வாங்க. அந்த எட்டு போல்ட்டும் எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு எனக்குக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க.”

“அம்சவேணி, கீழே இறங்கு” என்றார் வெங்கடபதி.

“நீங்க உக்காருங்க சார்.”

“யாரும்மா இந்தப் பொண்ணு?” என்று மந்திரி கேட்டார்.

“பொய்ச் சாட்சி சொன்னவளுங்க ஐயா. பதிமூணு பேர்ல ஒருத்தி.”

அதிகாரி எழுந்திருக்கவில்லை. எழுந்தது திலகமணி. முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் எஞ்சினருகே போய், குனிந்து, அந்த விளிம்பில் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு குழியிலும் விரலை அழுத்திப் பார்த்தாள். உரக்க எண்ணினாள். எட்டு என்று சொல்லி முடித்ததும் அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பத்திரிகைக்காரர்களுக்கு விஷயம் விளங்கி, கேமராக்கள் மந்திரியை விட்டு எஞ்சின் பக்கம் திரும்பின. அதற்கப்புறம் அதிகாரியும் வந்து பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பட்டுத் திரையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே டிரில் மெஷினோடு இரண்டு பேரை வெங்கடபதி ஷெட்டுக்கு அனுப்பினார். எதற்கென்று எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் பன்னிரண்டு பேரும் எஞ்சினைச் சுற்றி நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பேனாவை வாங்கிக்கொண்ட மாதிரியேதான், ஒருவர் போய் நின்றார், பக்கத்தில் இன்னொருவர். டிரில்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். ஐந்து நாள் முறைபோட்டு நின்றோம். ஆறாம் நாள், திலகமணி கொடுத்த மனுவின்பேரில், கோர்ட்டிலிருந்து ஆள் வந்து எட்டுப் புள்ளிகளையும் அளந்து, படமெடுத்து, எஞ்சினைச் சுற்றிக் கயிறு கட்டி, இது சாட்சி, யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினார்.

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆனது. ‘மூடி பொருத்தப்படவே இல்லை, விரிசல் எச்சரிக்கை அறிந்தே மறைக்கப்பட்டது, இறந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை.’ மூன்று வரி. வெங்கடபதி ஜெயிலுக்குப் போகவில்லை. அபராதம் கட்டிவிட்டு வேறொரு ஊரிலுள்ள கிளைக்கு, இதைவிடப் பெரிய அறைக்குப் போனார். அந்த அதிகாரி பணி ஓய்வு பெற்றார். வேலை போனது ஒரே ஒரு ஆளுக்கு: பொய்ச் சாட்சி சொன்னதாகத் தானே ஒப்புக்கொண்ட அம்சவேணிக்கு. அவள் இப்போது பம்ப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். வாசலிலிருந்த பலகையைக் கழற்றினார்கள். மற்ற கம்பெனிகளில் அதைக் கழற்ற நாங்கள் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்த மறுநாள் பேட்டையே ஷெட்டில் கூடிவிட்டது. இன்றைக்கு எஞ்சின் நின்றுவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் வந்தது. பின்தெருப் பெண்கள் இனிமேல் பிள்ளைகளை எப்படித் தூங்கவைப்பது என்று கவலைப்பட்டார்கள். அம்சவேணி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் தீர்ப்பின் மூன்று வரியையும் எஞ்சினுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார். காத்திருந்தோம். இரண்டு கிடாக்களும் ஓடிவந்தன, திரும்பின, ஓடிவந்தன. இன்னொரு தடவை வாசித்தார். வெயில் ஏறியது. கூட்டத்துக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. வீட்டில் வேலை இருக்கிறது என்று சிலர் கிளம்பினார்கள்.

டீக்கடைக்காரர், நல்ல மனுஷர்தான், கற்பூரத் தட்டோடு முன்னால் வந்து எஞ்சினையும் திலகமணியையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்: “நியாயந்தான் கெடைச்சிருச்சே அம்மிணி. இன்னியும் இதுக்கு என்னதானுங்க கோவம்?”

எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்த திலகமணி கையை எடுக்காமலே திரும்பினாள்.

“ஏனுங்க, அவரு வந்துட்டாரா?” என்றாள்.